பழைய மணியில் ஓடிய சர்வர்

மார்ச் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று உத்தரவு வந்தது. ஓஸ்கெமென் நகரத்துக்காரர்கள் நாங்கள் எங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தோம். கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன வந்தது, கிழக்குக் கோடியில் இருக்கிறவனுக்கல்லவா கஷ்டம். சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். வேலை விட்டு வருகிறவன் கன்னங்கரேலென்ற இருட்டில் பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு வீடு சேர வேண்டும். அந்த மாதம் முழுக்க ஊரில் யார் நேரம் சொன்னாலும், கேட்கிறவர் உடனே "பழசா, புதுசா?" என்பார். பல் டாக்டரிடமும் அதே கேள்வி, முடி வெட்டுகிறவரிடமும் அதே கேள்வி. வீம்புக்குப் பழைய மணியிலேயே வாழ்ந்தவர்களும் உண்டு. கென்னாடி அப்படி ஒருவர். கைக்கடிகாரத்தைத் தொடவே மாட்டேன் என்றிருந்தார்.

கென்னாடி பாவ்லோவிச் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவர். அதே அறையில் எதிர் மேசை ரவுஷானுடையது. இணையதளத்தின் பதிவுகளைப் பார்த்துப் பட்டியல் தயாரிப்பது, புகார்களுக்குப் பதில் எழுதுவது இரண்டும் அவள் வேலை. முப்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக மாமியாரின் இரண்டு அறை வீட்டில் குடித்தனம். ஓர் அறை மாமியாருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். கூடத்தில் இருக்கிற சோபாவை ராத்திரி விரித்தால் அதுதான் அவளுக்கும் கணவன் எர்தாவ்லெத்துக்கும் படுக்கை. காலையில் அதை மடித்த பிறகுதான் அடுப்படிக்குப் போக வழி கிடைக்கும். பதினோரு வருடத்தில் அந்தச் சோபாவை எத்தனை முறை மடித்திருப்பாள் என்று யாராவது கேட்டால் அவளுக்கு அழுகைகூட வராது, எரிச்சல்தான் வரும்.

ஆற்றின் இடது கரையில் கட்டி முடித்த புதுக் கட்டடத்தில் நாற்பது வீடுகள். மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு இணையதளம் திறக்கும், முதலில் விண்ணப்பிக்கிற நாற்பது குடும்பங்களுக்கு வீடு என்று அறிவித்திருந்தார்கள். தானாகத் திறக்கிற ஏற்பாட்டில் அலுவலகத் தலைவர் சபர்காலிக்கு நம்பிக்கை கிடையாது. மரியாதையாக எல்லோரும் சபெகே என்று கூப்பிடுகிற அந்த மனிதர் அன்று காலை கென்னாடியின் தோளுக்குப் பின்னால் நின்று தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொற" என்றார். கென்னாடி பொத்தானை அழுத்தினார். இணையதளத்தைத் தாங்குகிற இரண்டு சர்வர் கணினிகளும் ஒரே கணத்தில் திறந்துகொண்டன. வருகிறவர்களை மாற்றி மாற்றி இரண்டுக்கும் அனுப்புகிற ஏற்பாடு அது. யாருக்கு எது என்பது அவரவர் அதிர்ஷ்டம். அலுவலகத்துக்குள்ளிருந்து போகிறவர்களுக்கு மட்டும் எப்போதும் முதல் சர்வர்.

ரவுஷானும் அங்கிருந்தே தன் போனில் விண்ணப்பித்தாள். அதற்குத் தடை எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அவள் முப்பத்தொன்றாவது.

அன்றைக்கு மாமியார் காம்ஷாத் மாடி மாடியாக ஏறி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். மருமகள் சரியான நேரத்துக்குப் போய் நின்றாளாம், கெட்டிக்காரியாம். பதினோரு வருடத்தில் மாமியார் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. எர்தாவ்லெத் இடது கரைக்குப் போய்க் கட்டடத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். எந்தச் சுவரோரம் கட்டில் போடலாம் என்று தாளில் கோடு போட்டு வைத்தான். வெறும் கட்டில். சோபா இல்லை.

பட்டியல் ஒட்டியதும் புகார்கள் வந்தன. பதினேழு பேர். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: நான் ஒன்பது மணிக்கே விண்ணப்பித்தேன், பட்டியலில் பத்து மணி என்று போட்டிருக்கிறீர்கள். ரவுஷான் ஒரு பதிலை எழுதி அதையே பதினேழு பேருக்கும் அனுப்பினாள். 'தங்கள் கைப்பேசி பழைய நேரத்தில் இருந்திருக்கக்கூடும். சரிபார்த்துக்கொள்ளவும்.' ஊரே பழசா புதுசா என்று குழம்பிக் கிடக்கையில் அந்தப் பதில் பொருத்தமாகத்தான் பட்டது. சபெகேவும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை மதியம் அந்தப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து ரவுஷானின் மேசைக்கு முன்னால் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். உலோக ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள், பெயர் உல்போசின், பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாவது. சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்ததால் ஆலைச் சீருடை மேலேயே கோட்டைப் போட்டிருந்தாள்.

"இத எழுதினது யாரு தங்கச்சி?"

"நான்தான் அக்கா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல." அவள் போனை நீட்டினாள். விண்ணப்பம் பெறப்பட்டது என்ற பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தாள். மேலே மூலையில் மணி ஒன்பது.

"அதான் எழுதியிருக்கோமே அக்கா. உங்க போன் பழைய நேரத்துல ஓடியிருக்கும். நெறைய பேருக்கு அப்படி ஆயிருக்கு."

"நான் மூணு ஷிப்டுலயும் வேல பாக்கறவ. மணிக்கணக்கு எனக்குத் தெரியும்." உல்போசின் குரலை உயர்த்தவில்லை. "பழைய மணின்னா முன்னாடி ஓடுற மணி. புதுசுல ஒம்போதுன்னா பழசுல பத்து. சரியா?"

"சரி."

"என் போன் பழைய மணியில ஒம்போது காட்டுச்சுன்னா அப்ப நெஜத்துல மணி எட்டு. எட்டு மணிக்கு உங்க கடையே தொறக்கல. நான் எங்க போய் விண்ணப்பம் போட்டேன்?"

ரவுஷான் குனிந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள்.

"இந்த ஊர்ல ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுற போன் இருக்கலாம். ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுற போன் எப்படி இருக்கும்? இருந்தா காட்டு, நானும் பாக்கறேன்."

எதிர் மேசையில் கென்னாடி தேநீரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"விசாரிச்சுச் சொல்றேன் அக்கா," என்றாள் ரவுஷான்.

"விசாரி. இந்தக் கடுதாசி வந்ததுலேர்ந்து என் வீட்டுக்காரர் என்கூட ஒழுங்காப் பேசல. 'ஒரே ஒரு வேல குடுத்தேன், அதையும் ஒரு மணி நேரம் கோட்ட விட்டுட்டு நிக்கற'ங்கறார். நான் சத்தியம் பண்ணினா, ஆபீஸ்லயே முத்திர குத்தி அனுப்பியிருக்காங்களேங்கறார்." அவள் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "என் கிரேனுக்குக் கீழ பத்து டன் இரும்பு தொங்கும். எனக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு எழுதிட்ட."

அவள் போன பிறகு ரவுஷான் மூலப் பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சர்வர் ஒரு வரி எழுதி வைத்திருக்கும். வந்தவரின் முகவரி, தேதி, மணி, நிமிடம், விநாடி, அதற்கடுத்து ஒரு கூட்டல் குறியும் நான்கு இலக்கமும். அந்த ஊர் நேரம் கிரீன்விச்சுக்கு எத்தனை மணி முன்னால் என்பதுதான் அந்தக் கடைசித் துண்டு. பட்டியல் தயாரித்த அன்று சபெகே அதைப் பார்த்துவிட்டு, "இந்த வாலு எதுக்கு? தாள்ல அடங்க மாட்டேங்குது, வெட்டு," என்றிருந்தார். அவள் அன்று முதல் சில பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்தாள், எல்லா வரியிலும் +0500 என்றுதான் இருந்தது. எல்லாவற்றிலும் ஒன்றேயானால் இருந்தென்ன, போயென்ன. வெட்டிவிட்டாள். பிறகு மணியை வைத்து வரிசைப்படுத்தினாள்.

இப்போது பின்னால் போய்ப் பார்த்தாள். ஒன்பதாம் பக்கத்திலிருந்து, மணி பத்து என்று தொடங்குகிற இடத்திலிருந்து, +0600 வர ஆரம்பித்தது. அத்தனையும் இரண்டாவது சர்வரிலிருந்து வந்தவை. ஆறு மணிக் கணக்கில் பத்து, ஐந்து மணிக் கணக்கில் ஒன்பது. இரண்டும் ஒரே கணம்தான். வால் இருந்தால் தெரியும், வால் போனால் ஒரு மணி நேரம் தாமதம். இரண்டாவது சர்வருக்குப் போன பாவத்துக்கு ஒருவர்கூட முதல் நாற்பதில் இல்லை.

"கென்னாடி பாவ்லோவிச், ரெண்டாவது மெஷினுக்கு நேரம் மாத்தினீங்களா?"

"தானா மாறும்."

"மாறல."

அவர் எழுந்து வந்து அவள் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அதுக்குப் பதினோரு வயசு. புது மென்பொருள் ஏத்தினா படுத்துக்கும்னு மூணு வருஷமா ஒண்ணும் ஏத்தல. அரசாங்கம் மணிய மாத்தினத அதுக்கு யாரு சொன்னா?"

"நீங்க சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றார் கென்னாடி. தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

சரியான வரிசையை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பதாவது ஆள் ஒன்பது மணி நாற்பத்தேழாவது விநாடிக்கு வந்திருந்தார். உல்போசின் ஐம்பத்திரண்டாவது விநாடி, நாற்பத்து மூன்றாவது இடம். பழைய பட்டியலில் இருந்த நாற்பது பேரில் இருபது பேர் வெளியே போகிறார்கள், வேறு இருபது பேர் உள்ளே வருகிறார்கள். ரவுஷான் ஒரு நிமிடம் பதினான்கு விநாடி. அறுபத்தெட்டாவது.

அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது, அதுதான் இன்னும் மோசம். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கிரேன்காரிக்கு வீடு கிடையாது. நாற்பத்து மூன்று என்றாலும் இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு என்றாலும் இல்லை. 'விசாரித்ததில் தாங்கள் முதல் நாற்பது இடங்களுக்குள் வரவில்லை' என்று ஒரு வரி எழுதினால் அதில் பொய் ஏது? உள்ளே வர வேண்டிய அந்த இருபது பேர் யாரோ, எவரோ. புகார் கொடுத்தவர்களில்கூட ஒன்பது பேர்தான் அதில் இருக்கிறார்கள். மிச்சப் பேருக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்பதே தெரியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இருபத்தேழாம் தேதி. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அந்த ஒரு வரிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்தாள். அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க அது திரையிலேயே கிடந்தது. கென்னாடியும் அவளும் அன்று வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் எர்தாவ்லெத் கட்டிலுக்கு விலை விசாரித்துவிட்டு வந்திருந்தான். அவள் சோபாவை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்டவர்களுக்காகத் தன் பிள்ளைகளின் அறையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கோபம் கோபமாக வந்தது.

புதன்கிழமை காலை உல்போசினிடமிருந்து இன்னொரு மனு வந்தது. கையால் எழுதியது, பெரிய பெரிய எழுத்து. 'எனக்கு வீடு தர வேண்டும் என்று கேட்கவில்லை. மார்ச் 12 அன்று என் விண்ணப்பம் எத்தனை மணிக்கு வந்தது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரவும்.'

ரவுஷான் அதை இரண்டு தடவை படித்தாள். இந்தப் பெண் இப்படி மாட்டிவிடுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்பது என்று எழுதி முத்திரை வைத்தால் ஒட்டியிருக்கிற பட்டியல் பொய். பத்து என்று எழுதினால், தெரிந்தே எழுதின பொய். திங்கட்கிழமை வரை எழுதியதெல்லாம் தெரியாமல் எழுதியது. இனிமேல் எழுதுகிற எழுத்து அப்படி இல்லை. அந்தப் பத்து மணித் தாள் போய் யார் வீட்டு மேசையில் விழும், யார் அதை எடுத்து யார் முகத்துக்கு நேரே நீட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வீட்டுக்கு ஏற்கெனவே அப்படி ஒன்று அனுப்பியாகிவிட்டது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு வரிசையையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு சபெகேவின் அறைக்குப் போனாள்.

சபெகே பொறுமையாகக் கேட்டார். வாலை வெட்டச் சொன்னது தான்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்த இடம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நீ இதுல எத்தனாவது?"

"முப்பத்தொண்ணு."

"திருத்தினா?"

"அறுபத்தெட்டு."

அவர் தாளைக் கீழே வைத்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு? உன் மாமியார் போன வாரம் என் மச்சினி வீடு வரைக்கும் இனிப்பு குடுத்து அனுப்பியிருக்காங்க."

"தெரியும் சபெகே."

"வேற யாருக்கு இது தெரியும்?"

"கென்னாடி பாவ்லோவிச்சுக்கு."

"அவன் வாயத் தொறக்க மாட்டான். அவன் தலையும்தானே உருளும்."

"அவர் தொறக்க மாட்டார். அந்தக் கிரேன் அக்கா கோர்ட்டுக்குப் போனா பதிவ எடுத்துட்டு வான்னு சொல்லுவாங்க. அதுல வரிக்கு வரி வால் இருக்கு. வெட்டினது நம்ம தாள்ல மட்டும்தான்."

சபெகே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேர்மையால் மனிதர் கரைந்தார் என்று சொன்னால் அது புளுகு. ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம்தான் பாக்கி, பயந்துபோனார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். திருத்திய பட்டியல் நவ்ருஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஒட்டப்படும் என்று முடிவானது.

"பண்டிகை முடியற வரைக்கும் வீட்ல சொல்லாத," என்றார், அவள் கதவைத் திறக்கும்போது. கொஞ்சம் அன்பாகத்தான் சொன்னார்.

அவளால் முடியவில்லை. அன்று மாலையே, காம்ஷாத் பண்டிகைக் கஞ்சிக்குத் தானியங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டாள். சொல்ல ஆரம்பித்ததும் எர்தாவ்லெத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். முடித்ததும் முழுக்க அணைத்தான்.

"நீயே போய்ச் சொன்னியா?" என்று கேட்டார் மாமியார்.

"ஆமா அம்மா."

"யாரும் கேக்காமயா?"

"ஒருத்தங்க கேட்டாங்க."

"அவங்களுக்காவது வீடு வருதா?"

"வரல."

காம்ஷாத் கோதுமையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். கத்துவார் என்று ரவுஷான் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எர்தாவ்லெத் மேசையிழுப்பறையிலிருந்து அந்தக் கோடு போட்ட தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சிகரெட் பிடிக்கக் கீழே போனான். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். திட்டாததுதான் அவளைக் கொன்றது. எழுந்து சோபாவை விரித்தாள்.

இருபத்தைந்தாம் தேதி காலை புதுப் பட்டியல் ஒட்டினார்கள். பழைய பட்டியலில் இருந்து வெளியேறியவர்களில் இரண்டு பேர் வந்து சபெகேவின் மேசையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார்கள். கென்னாடிக்குக் கண்டிப்புக் கடிதம், ரவுஷானுக்கும் ஒன்று. பதினேழு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். எழுதுவதற்கு முன்னால் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ரவுஷான் ஆரம்பித்தாள். உல்போசினுக்கு முதலில் அடித்தாள். அன்று அவளுக்கு விடுமுறை போலிருக்கிறது, பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம், பாத்திரச் சத்தம்.

"ஒம்போது மணி அம்பத்திரண்டாவது விநாடி அக்கா. நீங்க சொன்னதுதான் சரி. தப்பு எங்களோடது, என்னோடது. முத்திர வெச்ச தாள் தபால்ல வருது."

தண்ணீர் நின்றது. "எத்தனாவது நான்?"

"நாப்பத்தி மூணு."

"மூணு பேர்ல போச்சா." ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "உன் மேசையில போட்டிருந்த பேர அன்னிக்குப் பழைய பட்டியல்லயும் பாத்தேன் தங்கச்சி. நீ இப்ப எத்தனாவது?"

"அறுபத்தெட்டு."

"அப்ப எதுக்குச் சொன்ன?"

"நீங்க கேட்டீங்களே," என்றாள்.

"இரு. வைக்காத." போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. "இந்தாங்க, ஆபீஸ்லேர்ந்து. நீங்களே காதால கேளுங்க."

ஓர் ஆணின் குரல், "ம்," என்றது.

ரவுஷான் முழுவதையும் மறுபடி சொன்னாள். உங்கள் மனைவி தாமதமாக வரவில்லை, ஐம்பத்திரண்டாவது விநாடிக்கே வந்துவிட்டார், நாங்கள்தான் தவறான மணியைப் போட்டுக் கடிதம் அனுப்பினோம், மன்னிக்க வேண்டும்.

"நாப்பதாவது ஆளு எப்ப வந்தான்?" என்று கேட்டார் அவர்.

"நாப்பத்தேழாவது விநாடிக்கு."

"அஞ்சு விநாடி," என்றார். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அந்த அஞ்சு விநாடி என்னதான் பண்ணிட்டிருந்த நீ?" என்று கேட்டது ரவுஷானுக்கும் தெளிவாகக் கேட்டது.

உல்போசின் போனை வாங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"விடு தங்கச்சி. நேத்து வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குத் திட்டிட்டிருந்தார். இனி அஞ்சு விநாடிக்குத்தானே."

தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது. ரவுஷான் போனை வைத்துவிட்டு, தாளில் அடுத்து இருந்தவரின் எண்ணை அடித்தாள்.